நுகுஸ்: யாரும் எட்டிப் பார்க்காத ஊர்

உஸ்பெகிஸ்தான் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சமர்கண்ட், புகாரா. கொஞ்சம் தேடிப் படிப்பவர்களுக்கு கீவாவும் தெரிந்திருக்கும். நுகுஸ்? அப்படி ஒரு ஊர் இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

நாட்டின் வடமேற்கு மூலையில், மணல்வெளிகளுக்கு நடுவே இருக்கிறது இந்த ஊர். கரகல்பாக்ஸ்தான் என்ற தன்னாட்சிக் குடியரசின் தலைநகரம். 'கரகல்பாக்' என்றால் கறுப்புத் தொப்பி என்று அர்த்தம்!

இதற்கு முன்னால் தலைநகரமாக இருந்தது துர்த்குல். அமு தரியா ஆறு கரையை அரித்து அரித்து அந்த ஊரையே விழுங்க ஆரம்பித்ததால், 1930களில் தலைநகரை நுகுஸுக்கு மாற்றினார்கள்.

சோவியத் காலத்தில் இங்கே ஒரு ரசாயன ஆயுத ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. வெளிநாட்டவருக்கு அனுமதி கிடையாது. மாஸ்கோ 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால். யாரும் எட்டிப் பார்க்காத இடம். அதுவே ஒரு மனிதருக்கு வசதியாகப் போய்விட்டது.

அவர் பெயர் இகோர் சவீத்ஸ்கி. 1915-ல் கீவ் நகரில் பிறந்த ஓவியர். 1950-ல் தொல்லியல் குழு ஒன்றோடு படம் வரைய வந்தவர், இந்த மண் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். முதலில் கரகல்பாக் மக்களின் நகைகள், கம்பளங்கள், உடைகளைச் சேகரித்தார். 1966-ல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அதன் பிறகுதான் விஷயமே! ஸ்டாலின் காலத்தில் ஒதுக்கப்பட்ட ஓவியர்களின் படங்களைத் தேடி மாஸ்கோ, தாஷ்கண்ட் என்று அலைந்தார். விதவைகள், பிள்ளைகள், பரண்கள், கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்த துணிகள்... எதையும் விடவில்லை. கையில் காசு இல்லாதபோது, பிறகு தருவதாகச் சொல்லிக் கடனுக்கே வாங்கி வந்தார். நதேஷ்தா போரவாயா என்பவர் சோவியத் சிறை முகாமில் வரைந்த படங்களை, 'இவை நாஜி முகாம் காட்சிகள்' என்று அதிகாரிகளிடம் சொல்லி வாங்கினாராம். அரசு ஒதுக்கிய ஓவியங்களை அரசுப் பணத்திலேயே காப்பாற்றியிருக்கிறார்!

1984-ல் அவர் இறந்தார். பல்லாயிரக்கணக்கான படைப்புகள் பாலைவனத்தில் பத்திரமாக இருந்தன.

கதை இதோடு முடிந்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் நுகுஸிலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால் முய்னாக் வருகிறது. ஒரு காலத்தில் ஆரல் கடலின் மீன்பிடித் துறைமுகம். இன்று மணலில் துருப்பிடித்த படகுகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. 1960களில் இருந்து பருத்தி வயல்களுக்காக ஆற்று நீரைத் திருப்பிவிட்டதில், உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் வற்றிப்போனது. ஒரு ஊரையே விழுங்கிய அமு தரியாவால் இன்று அந்தக் கடலைப் போய்ச் சேர முடியவில்லை. கடல் இருந்த தரையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த தூசி எழுந்து ஊர்களின் மேல் விழுகிறது.

போக விரும்புபவர்களுக்கு: தாஷ்கண்டிலிருந்து விமானமும் ரயிலும் உண்டு. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்தில் உறையும். அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே முய்னாக்கையும் பார்த்து வாருங்கள்.

யாரும் பார்க்காததால் ஓவியங்கள் தப்பித்தன. யாரும் பார்க்காததால்தான் ஒரு கடலும் செத்துப்போனது. ஓவியங்களுக்கு ஒரு சவீத்ஸ்கி கிடைத்தார். கடலுக்கு யாரும் கிடைக்கவில்லை.