அப்பாவின் பழைய பாணிக் காரும் ட்ரெபிள் பட்டனும்

இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தி எழுதல. ஒரு காருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போன கதை. கொஞ்சம் நீளம்தான். ஆனா முழுசா படிங்க. படிச்சு முடிக்கும்போது உங்க வீட்டு ஆள் ஒருத்தர் ஞாபகத்துக்கு வரலாம்.

எங்க அப்பா 28 வருஷம் விசைத்தறி ஓட்டினவர். சோமனூர் பக்கம். அந்தத் தறி ஓட்டிய காசுலதான் நான் எம்.பி.பி.எஸ். படிச்சேன். தறியை நிறுத்தின பிறகு சும்மா இருக்க முடியாம, நண்பர் ஒருத்தரோட சேர்ந்து ஒரு வண்டி செஞ்சார். அடியில பழைய டீசல் ஜீப்போட சேசிஸ், இன்ஜின். மேல 1930-கள் பாணியில ஃபைபர் பாடி. நீளமான பானெட், ரெண்டு பெரிய உருண்டை ஹெட்லைட், கூரை கிடையாது. கோவைப் பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்கு இப்படி வண்டிகளைப் பார்த்திருப்பீங்க. (இந்த மாதிரி வண்டிகளோட பதிவு, அனுமதி எல்லாம் தனிக்கதை. அதைச் சரி பண்ணாம யாரும் ரோட்டுல இறக்காதீங்க.)

வண்டி ரெடியானதும் அப்பா சொன்னார்: "ஏங்கண்ணு, பாக்க ராஜாவாட்ட இருக்குது. பாட்டு இல்லீன்னா ஊமை ராஜா. ஒரு நல்ல செட்டு பாத்துப் போடலாமா?"

ஒரு ஞாயித்துக்கிழமை, நைட் டூட்டி முடிச்ச கையோட அப்பாவைக் கூட்டிட்டு கார் ஆடியோ கடைக்குப் போனேன்.

உண்மையைச் சொன்னா, 1930-கள் கார்ல பாட்டு என்பதே அபூர்வம். 1930-லதான் அமெரிக்காவுல கால்வின் சகோதரர்களோட கம்பெனி 'மோட்டோரோலா' என்ற பேர்ல கார் ரேடியோவைக் கொண்டு வந்தது. மோட்டார் காருக்கான ரேடியோ என்பதால அந்தப் பேரு. 1947-ல கம்பெனியே அந்தப் பேருக்கு மாறிடுச்சு. ஆக, அசல் கார்ல என்ன இருந்ததுன்னு தேடிப் போட இங்க வழி இல்ல. டேஷ்போர்டோட பழைய அழகு கெடாம புதுசை ஒளிச்சு வைக்கணும். அவ்வளவுதான்னு நினைச்சேன்.

கடைப் பையன் ஆரம்பிச்சான். "ஐயா, 4000 வாட்ஸ் போட்டுடலாங்க. மண்டபமே அதிரும்."

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. பெட்டி மேல பெருசா போட்டிருக்கிற வாட்ஸை வெச்சு எதையும் வாங்காதீங்க. அது பெரும்பாலும் ஒரு கணம் மட்டும் தாங்குற உச்ச அளவு. தொடர்ந்து தாங்குற அளவு ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்துல இருக்கும். அதைத்தான் பாக்கணும்.

வாட்ஸை ரெண்டு மடங்கு ஆக்கினா சத்தம் ரெண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கு" அவ்வளவுதான். ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா சுமார் 10 மடங்கு பவர் வேணும். ஆனா ஸ்பீக்கர் பெட்டியில 'சென்சிடிவிட்டி' என்று ஒரு எண் இருக்கும். 87-க்குப் பதிலா 90 இருக்கிற ஸ்பீக்கரை எடுத்தா, பாதி பவர்லயே அதே சத்தம் கிடைக்கும்.

இதையெல்லாம் நான் பெருமையா விளக்கிட்டு இருந்தேன். அப்பா கேக்கற மாதிரியே தலையாட்டிட்டு இருந்தார்.

அப்புறம் பையன் ஒரு பாட்டைப் போட்டான். நல்ல ஸ்பீக்கர். சத்தம் இதமா இருந்துச்சு.

"மொத்தலா இருக்குது தம்பி. அந்த ட்ரெபிளை ஏத்து" என்றார் அப்பா.

ஏத்தினான். "இன்னும்." ஏத்தினான். "இன்னும் கொஞ்சம்."

பட்டன் கடைசி வரைக்கும் போயிடுச்சு. ஜால்ரா சத்தம் ஊசியாட்டம் குத்துது. பையன் முகத்தைச் சுளிச்சான். நான் என்னை அறியாம காதைப் பொத்தினேன். அப்பா முகம் மலர்ந்துச்சு. "இப்பத்தான் பாட்டு தெளிவா கேக்குது."

எனக்கு வயித்துல ஏதோ புரண்டுச்சு.

ஏன்னா அதுக்கு முந்தின வாரம்தான் வீட்டு வாசல்ல அப்பா வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். பின்னாடி பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளோட வந்துட்டான். "அப்பா, நிறுத்துங்க"ன்னு ரெண்டு தடவை கத்தினேன். நிக்கல. ஓடிப் போய் பானெட்டை ஓங்கித் தட்டின பிறகுதான் நிறுத்தினார். டீசல் இன்ஜின் சத்தத்துல கேக்கலன்னு நானே எனக்கு சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

இன்னும் நிறைய ஞாபகம் வந்துச்சு. டிவி சத்தத்துக்கு அம்மாவோட நடக்குற தினசரி சண்டை. என் பொண்ணு போன்ல பேசினா "பாப்பா பேசறது மட்டும் புரியல, நீ சொல்லு"ன்னு சொல்றது. ஓபியில இதே கதையோட யாராவது வந்தா ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சு காது டெஸ்டுக்கு அனுப்பியிருப்பேன். சொந்த அப்பாவை வருஷக்கணக்கா "வயசாச்சு, கவனிக்க மாட்டேங்கறார்"னு திட்டிட்டு இருந்திருக்கேன்.

அன்னைக்கு ஸ்பீக்கர் வாங்கல. "டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு வாங்கிக்கலாம்ப்பா" என்றேன். அப்பாவுக்குக் கோபம். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கெல்லாம் முணுமுணுன்னு பேசறீங்க."

இதுதான் முக்கியமான விஷயம். அவர் பொய் சொல்லல. அவருக்கு அப்படித்தான் கேட்டுச்சு.

அதிக இரைச்சல்ல வருஷக்கணக்கா வேலை செய்யறவங்களுக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணாக் குறையாது. முதல்ல அடிபடறது உயர்ந்த சுருதி, அதிலயும் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். 'அ', 'ஆ', 'ஓ' மாதிரி உயிரெழுத்து ஒலிகள் தாழ்ந்த சுருதியில பலமா வரும். அது நல்லா கேக்கும். 'ச', 'ஸ', 'த', 'ப' மாதிரி ஒலிகள் மெலிசா, உயர்ந்த சுருதியில வரும். அது தொலைஞ்சு போகும். அதனால பேசறது கேக்கும், என்ன பேசறாங்கன்னு புரியாது. குழந்தைங்க கீச்சுக் குரல்னா இன்னும் சிரமம்.

நம்ம உள்காதுல நத்தை வடிவ உறுப்புக்குள்ள மெல்லிய முடி செல்கள் இருக்கு. ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது வந்ததுதான். செத்தா திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும், நமக்கு முளைக்காது. மாத்திரையோ சொட்டு மருந்தோ அதைத் திருப்பித் தராது.

எவ்வளவு சத்தம் தாங்கும்? அமெரிக்காவோட நையோஷ் அமைப்பு பரிந்துரைக்கிற கணக்கு இது: 85 டெசிபெல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதி. 88-ன்னா 4 மணி. 94-ன்னா 1 மணி. 100 டெசிபெல்னா வெறும் 15 நிமிஷம். மீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு எளிய வழி: கை நீட்டினா தொடுற தூரத்துல நிக்கறவர்கிட்ட கத்திப் பேச வேண்டியிருந்தா, அந்த இடத்துச் சத்தம் காதுக்கு ஆபத்தான அளவுன்னு வெச்சுக்கோங்க. தறிக்கூடத்துல காதோட வாய் வெச்சுத்தான் பேசுவாங்க. அப்பா 28 வருஷம் அங்க நின்னார், காதுல பஞ்சு கூட வெச்சுக்காம.

எப்படியோ சமாதானப்படுத்தி, நான் வேலை செய்யற ஆஸ்பத்திரியிலேயே காது மூக்கு தொண்டை பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனேன். அழுக்கு, செவிப்பறை எல்லாம் பார்த்துட்டு, சத்தம் புகாத அறையில ஆடியோகிராம் எடுத்தாங்க. ரெண்டு காதுலயும் ஒரே படம். தாழ்ந்த சுருதியில கோடு கிட்டத்தட்ட நார்மல். 4000-ல 65 டெசிபெலுக்கு இறங்கிடுச்சு.

அப்பா அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தார். "சரியாகுமா"ன்னு கேக்கல. "இனி நான் வண்டி ஓட்டக் கூடாதா கண்ணு?"ன்னு கேட்டார்.

அவர் பயந்தது அதுக்குத்தான்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. இத்தனை நாளா "நல்லாத்தான் கேக்குது"ன்னு அடம் பிடிச்சதும் அதனாலதான்.

"ஓட்டலாம்ப்பா. காது மெஷின் போட்டுட்டு, கண்ணாடியைப் பார்த்து, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி ஒரு ஆளை நிறுத்தி ஓட்டுங்க" என்றேன்.

மெஷின் வந்து பழகினதும் மறுபடியும் அதே கடைக்குப் போனோம். இந்தத் தடவை பட்டன் நடுவுலயே நின்னுச்சு. முன்னாடி அவர் கேட்டபடி ட்ரெபிளை ஏத்திக் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஊர்வலத்துல வண்டிக்குப் பக்கத்துல நடக்கற குழந்தைங்க காதுக்கு அந்த ஊசி போயிருக்கும். ஒருத்தர் காதுல இருக்கிற குறையை, ஊருக்கே கேக்கற ஸ்பீக்கர்ல சரி பண்ணக்கூடாது.

கடைசியா என்ன போட்டோம்? இதே மாதிரி வண்டி வெச்சிருக்கறவங்களுக்காக எழுதறேன்.

1. முதல்ல இரைச்சலைக் குறைச்சோம். சைலன்சர் ஓட்டையை அடைச்சு, இன்ஜினுக்கும் கால் வைக்கிற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகட்டுக்கு சத்தம் தடுக்குற ஷீட் ஒட்டினோம். வண்டி அமைதியானா பாட்டைக் குறைவா வெச்சாலே போதும்.

2. படகுகளுக்குன்னு வர்ற, தண்ணி தாங்குற ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு. திறந்த வண்டியில மழையும் வெயிலும் நேரா விழும். காகிதக் கூம்பு ஸ்பீக்கர் சீக்கிரம் ஊறிப் போயிடும்.

3. கதவு மெல்லிசு, உள்ள இடம் இல்ல. அதனால டேஷ்போர்டுக்குக் கீழ ரெண்டு பக்கமும் மூடின சின்னப் பெட்டி செஞ்சு, காதைப் பார்த்த மாதிரி சாய்ச்சு வெச்சோம். காதைப் பார்த்து வெச்சா உயர்ந்த சுருதி தெளிவா வந்து சேரும், சத்தம் ஏத்த வேண்டியதில்ல.

4. பெரிய சப்வூஃபர் வேணாம்னுட்டோம். மூடின கார்லதான் உள்கூடு பாஸைத் தூக்கிக் கொடுக்கும். கூரையில்லாத வண்டியில அது காத்தோட போயிடும்.

5. சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒரு பக்கத்துக்கு 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். அதோட ப்ளூடூத் ரிசீவர். ரெண்டும் சீட்டுக்கு அடியில. வெளியே தெரியறது ஒரு பழைய பாணி வால்யூம் குமிழ் மட்டும்.

6. ஃபைபர் பாடியில கரண்ட் பாயாது. எர்த் வயரை பாடியில முடுக்கினா வேலை செய்யாது. சேசிஸ் இரும்புல பெயிண்டைச் சுரண்டிட்டு முடுக்கணும். பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் கட்டாயம். இல்லன்னா வயர் உரசினா தீ.

வால்யூம் குமிழ் பக்கத்துல அப்பா ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கார். வண்டி நிக்கும்போது, பக்கத்து சீட்டுல இருக்கறவர் சாதாரணமாப் பேசினா புரியற இடம் அது. அதைத் தாண்ட மாட்டார். மாப்பிள்ளையோட நண்பர்கள் வந்து "ஏத்துங்க"ன்னு கேட்டா, "டாக்டர் திட்டுவான்"னு என் மேல பழியைப் போடுவார். போட்டுக்கட்டும்.

எல்லாம் சுபம்னு சொல்ல மாட்டேன். மெஷினைப் பாதி நாள் சட்டைப் பையிலதான் வெச்சிருக்கார். பைபாஸ்ல வேகமாப் போனா காத்து இரைச்சல் மெஷின்ல மோதுதுன்னு கழட்டிடறார். மண்டபத்துல செண்டை மேளம்னா எரிச்சலா இருக்குதாம். பாதிக்கப்பட்ட காது மெல்லிய சத்தத்தைக் கேக்காது, பெரிய சத்தத்தைத் தாங்காது. பழக மாசக்கணக்கா ஆகும். ஆனா வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் மறக்காம மாட்டிக்கறார். போன வாரம் என் பொண்ணு போன்ல ஏதோ சொல்ல, என்கிட்ட கொடுக்காம அவரே பதில் சொன்னார்.

உங்ககிட்ட கேக்கறது இவ்வளவுதான். வீட்டுல யாராவது டிவி சத்தத்தை ஏத்திட்டே போறாங்களா? "கேக்குது, புரியல"ங்கறாங்களா? குழந்தை பேசறதை வேற ஆளை விட்டுக் கேக்கறாங்களா? தறி, லேத், லாரி, மில், பட்டாசு, மேளம், டிஜேன்னு சத்தத்துல வேலை செஞ்சவங்களா? "வயசாச்சு"ன்னு திட்டாதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல காது மூக்கு தொண்டை பிரிவு இருக்கு. ஆடியோகிராம் வலிக்காது, ஊசி கிடையாது, அரை மணி நேர வேலை. இப்பவும் சத்தத்துல வேலை செய்யறவங்க, மெடிக்கல்ல கிடைக்கற இயர் ப்ளக்கை இன்னைக்கே வாங்குங்க. விலை ரொம்பக் கம்மி.

அப்படியே காருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போனா, வீட்டுப் பெரியவரையும் கூட்டிட்டுப் போங்க. ட்ரெபிள் பட்டனை அவர் கையில கொடுத்துப் பாருங்க.

நாளைக்கு ஓபி இருக்கு. பின்னூட்டக் கேள்விகளுக்கு ராத்திரி பதில் சொல்றேன்.