தேர் சுற்றும் திசையும் துபாய் ரவுண்டானாவும்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் ரத வீதிகளை வலமாகச் சுற்றி வரும். நம்மூர் ரவுண்டானாவிலும் வண்டிகள் அப்படித்தான் சுற்றுகின்றன. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அப்படி.

ராஜபாளையம் சாலையில் லாரி ஓட்டிப் பழகியவர் சவுதிக்கோ துபாய்க்கோ போனால் எல்லாமே தலைகீழ். ஸ்டீயரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில், ரவுண்டானா அப்பிரதட்சணம்! அதுகூடச் சில நாளில் பழகிவிடும். சிக்கலே லீவில் ஊர் திரும்பும்போதுதான். பால்கோவா வாங்க பைக்கை எடுப்பார். எதிரே வண்டிகள் வந்தால் அவற்றைப் பார்த்துச் சரியாகப் போய்விடுவார். விடிகாலை ஆளில்லாத சாலையில் கை தானாக வலப்பக்கம் போகும். நடந்து கடக்கும்போதும் கண் முதலில் இடப்பக்கம் பார்க்கும். வண்டியோ வலப்பக்கமிருந்து வரும்.

1967 செப்டம்பர் 3-ல் ஸ்வீடன் நாடே ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாறியது. அங்கே எல்லோரும் சேர்ந்து மாறினார்கள். இங்கே இவர் ஒருவர்தான். அதனால் முதல் வாரம் பின்சீட்டிலிருந்து, "ஏங்க, லெஃப்ட்ல போங்க!" என்று குரல் வந்துகொண்டே இருக்கும்.