ஓய்வுக்குப் பின் ஒரு பழைய கார்

பணி ஓய்வு பெற்ற ஒருவர், தமக்குக் கிடைத்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, ஓடாத கார் ஒன்றை வாங்குகிறார் என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "இந்த வயதில் இது தேவைதானா?" என்றுதானே கேட்பீர்கள்? இங்கிலாந்தில் வாழும் என் தாய்மாமாவைப் பற்றி எங்கள் குடும்பத்தாரும் அப்படித்தான் கேட்டனர். 2023ஆம் ஆண்டுக் கோடையில் ஆறு வாரங்கள் அவர் இல்லத்தில் தங்கியிருந்தவன் நான். அங்கே கண்டதை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மாமா ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் அவர் காலையில் எழுந்து, குளித்து, நன்றாக உடுத்திக்கொண்டு சன்னலோரம் அமர்ந்துவிடுவாராம். கேட்டால் பதில் சொல்வார், தாமாகப் பேசமாட்டார். "நோய் என்றால் மருந்து வாங்கிக் கொடுக்கலாம், மருமகனே. இதற்கு என்ன கொடுப்பது?" என்று மாமி என்னிடம் கூறியபோது அவர் குரல் தழுதழுத்தது.

அந்த நிலையில்தான் அவர் ஒரு எம்.ஜி.பி. காரை வாங்க விரும்பினார். இரண்டு பேர் அமரும், கூரையைத் திறந்துகொள்ளும் சிறிய விளையாட்டுக் கார் அது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை லட்சக்கணக்கில் தயாரிக்கப்பட்டது. நான்கு சிலிண்டர்கள், 1798 சி.சி. எஞ்சின், இரண்டு கார்புரேட்டர்கள். சாதாரண மனிதனும் தன் கையால் பழுது பார்க்கக்கூடிய எளிய அமைப்பு. உதிரிப் பாகங்கள் அந்நாட்டில் இன்றும் கிடைக்கின்றன. முழு உடற்கூட்டையே பழைய அச்சுகளைக் கொண்டு 1988 முதல் மீண்டும் தயாரித்து வருகிறார்கள்.

மாமி மூன்று நிபந்தனைகள் விதித்தார். வீட்டுச் செலவுப் பணத்தில் கை வைக்கக்கூடாது, கடன் வாங்கக்கூடாது, தொழுகை நேரத்தில் கேரேஜ் கதவு மூடியிருக்க வேண்டும். மூன்றையும் மாமா ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு செலவையும் ஒரு நோட்டில் எழுதி மாமியிடம் காட்டினார். வீண்விரயம் என்ற பேச்சுக்கு அந்த நோட்டே பதிலாயிற்று.

வாங்கும்போது அவர் பளபளப்பைப் பார்க்கவில்லை. கதவுகளுக்குக் கீழே நீளும் இரும்புப் பெட்டிச் சட்டங்களைத்தான் முதலில் பார்த்தார். இந்தக் காருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. அந்தச் சட்டங்கள் துருப்பிடித்து அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே போயிற்று. அவருக்குக் கிடைத்தது 1970ஆம் ஆண்டு வண்டி. கரும்பச்சை நிறம். பதினான்கு ஆண்டுகள் ஒரு கேரேஜில் முடங்கிக் கிடந்தது. விற்றவர் கணவரை இழந்த ஒரு முதிய ஆங்கிலப் பெண்மணி. இடப்பக்கச் சட்டத்தில் ஒட்டுப் போட்டிருப்பதையும், பெட்ரோல் டேங்க் கசிவதையும் கேட்கும் முன்பே அவர் சொல்லிவிட்டாராம். விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்று நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதை வாழ்ந்து காட்டிய அம்மையாரை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

கேய்டன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், தன்னிடமுள்ள தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் வழங்குகிறது. எஞ்சின் எண்ணும் நிறமும் அந்தப் பதிவோடு பொருந்தின. அதாவது, பிறந்தபோது இருந்த அதே எஞ்சின்; பூசியபோது இருந்த அதே நிறம். சாயம் மங்கியிருந்தது. புதிதாக அடித்துவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். மாமா மறுத்தார். "இது தொழிற்சாலையில் பூசியது. சுரண்டிவிட்டால் பிறகு எவராலும் திருப்பித் தர முடியாது" என்றார். புதுப்பித்தல் வேறு, மீண்டும் ஓடச் செய்தல் வேறு என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். பாதுகாப்பிற்கு எது தேவையோ அதை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவற்றைத் தொடலாகாது.

வேலையில் அவசரம் என்பதே இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் சிறிது எண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் காத்திருந்தார். பிறகு எஞ்சினை ஸ்பானரால் கையாலேயே மெல்லச் சுழற்றினார். பழைய எண்ணெயையும் கெட்டுப்போன பெட்ரோலையும் வடித்தார். டேங்க் மாற்றப்பட்டது. ரப்பர் குழாய்களும் மாற்றப்பட்டன; ஏனெனில், அங்கு 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரை அரித்துவிடும். அதனால் இவர் ஐந்து விழுக்காடு வரை மட்டுமே கலந்த, விலை கூடிய பெட்ரோலையே ஊற்றுகிறார். சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்தில் பெட்ரோல் பம்பு "டக், டக்" என்று ஒலித்தது. சற்று நேரத்தில் எஞ்சின் உயிர்பெற்றது. மாமி சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

அது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள். பெருநாளன்று ஏறிச் செல்ல வேண்டுமென்று பேரப்பிள்ளைகள் அடம்பிடித்தனர். தெருமுனை வரை போய் வரலாம் என்று பெரியவர்களும் சொன்னார்கள். மாமா இசையவில்லை. ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டிதான் முக்கியம் என்றார். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; அந்த ஈரம் உள்ளே துருவை உண்டாக்கும். ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரியும்; உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மறுவாரம் பிரித்துப் பார்த்தபோது முன்சக்கர பிரேக் பிஸ்டன் ஒன்று அசையவேயில்லை! பிள்ளைகளின் முகவாட்டம் ஒரு நாளோடு போயிற்று. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். குழாய்களையும் பிஸ்டன்களையும் மாற்றியபின், மிதியை அழுத்திப் பிடித்துக் காற்றை வெளியேற்ற உதவும் பணி எனக்குக் கிடைத்தது. டயர்களில் பட்டன் ஆழமாகவே இருந்தது. ஆனாலும் பக்கவாட்டில் பொறித்த எண் அவற்றின் முதுமையைக் காட்டியதால் நான்கையும் மாற்றினார்.

அந்நாட்டில் நாற்பது ஆண்டுகளைக் கடந்த, பெரிதும் மாற்றப்படாத கார்களுக்கு 2018 முதல் ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆயினும் மாமா தாமாகவே பரிசோதனைக்குக் கொண்டு சென்றார். "சட்டம் விட்டுவிட்டது. பின்னால் வருகிறவன் உயிருக்கு நான்தானே பொறுப்பு?" என்பது அவர் கேள்வி.

இன்று மாமா வாய் ஓயாமல் பேசுகிறார். அண்டை வீட்டு இளைஞர்கள் அவரிடம் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கார் அவருக்கு மருந்தாயிற்று என்று நான் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் செய்து முடிக்க ஒரு வேலையும், அதில் தம்முடைய அறிவுக்கு ஓர் இடமும் இருந்தன, அவ்வளவுதான்.

உங்கள் இல்லத்திலும் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கலாம். "நீங்கள் சும்மா இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அன்போடுதான் சொல்கிறோம். அந்த அன்பே அவரை மூலையில் உட்கார வைத்துவிடுகிறது. அவருக்குக் கார் வேண்டாம். ஒரு பழைய தையல் இயந்திரமோ, ஒரு தோட்டமோ, பேரப்பிள்ளையின் கணக்குப் பாடமோ போதும். அவர் கை எதை நாடுகிறது என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.