ஏர் பிளாஸ்ட் கேட்ட காதுகள்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃபில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர்களுக்கு நிலம் அதிர்வது புதிதல்ல. பாத்திரம் குலுங்கும், ஓட்டிலிருந்து தூசி கொட்டும். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். வீடு இடிந்துவிடும் என்ற பயம் இல்லை; மைன்ஸில் சங்கு ஊதுகிறதா என்று கேட்கத்தான். அப்பா கீழே இருப்பார்.

3 கிலோமீட்டருக்கும் ஆழமாகத் தோண்டிய சுரங்கம் அது. மேலிருந்து அழுத்தும் பாறைக்கு நடுவே கனிமத்தை எடுத்துவிட்டால், சுற்றியுள்ள பாறை சில நேரம் திடீரென வெடித்துச் சிதறும். அதைத்தான் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். வெடிக்குமுன் பாறை பேசும் என்பார் அப்பா. 'டிக் டிக்'கென்று ஒரு சத்தம், கன்னத்தில் தெறிக்கும் சில்லுகள். கம்பியால் தட்டினால் திடமான பாறை கணீரென்கும். பிளந்துகொண்டது பொத்தென்று கேட்கும். கேட்டவன் மேஸ்திரியிடம் சொல்வான், மேஸ்திரி மேலே சொல்வார். உற்பத்தி அவசரத்தில் காதில் விழாத நாட்களும் உண்டு. அந்தக் கணக்கைப் பல வீடுகளில் மாலை போட்ட படங்கள் சொல்லும். ஆனாலும் அந்தச் சங்கிலி இருந்தது. மறுபக்கம் கருவிகளும் வந்தன: 1912-லேயே அதிர்வுமானி, 1978-ல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு அதிர்வுப் பதிவு வலையமைப்பு, 1988-ல் இதே சாம்பியன் ரீஃபில் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம். காதும் கருவியும் ஒரே ஆபத்தைத்தான் கவனித்தன.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஊரே அழுதது. எனக்கு உள்ளூர நிம்மதி. இனி சங்குக்குக் காது கொடுக்க வேண்டாம், அப்பா உயிரோடு வீட்டில் இருப்பார். அவர் இருந்தவரை இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் ஆபத்து போகவில்லை, மேலே வந்துவிட்டது. தங்கம் பிரித்தபின் கொட்டிய 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு, சயனைடு மேடுகளாக ஊருக்குள் நிற்கிறது. ஆடிக் காற்றில் அந்தத் தூள் சோற்றிலும் விழும், மூச்சிலும் ஏறும். மழை வந்தால் கரைந்து வாய்க்காலில் ஓடும். பழைய ஷாஃப்டுகளின் வாய் திறந்து கிடக்கிறது. பம்புகள் நின்றதால் சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பியது. அதன் பிறகும் அதிர்வுகள் கேட்டன.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? நிலம் மத்திய அரசு நிறுவனத்துடையது, தெரு நகராட்சியுடையது, பேரிடர் என்றால் மாவட்ட நிர்வாகம். எங்கள் லைனுக்குப் பக்கத்தில் தரை உள்வாங்கியபோது மனுவோடு நான் ஏறிய ஒவ்வொரு படியிலும் அடுத்த அலுவலகத்தின் விலாசம்தான் கிடைத்தது. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராகவும், உள்ளாட்சிப் பிரதிநிதியை இணைத் தலைவராகவும் வைக்கிறது. காகிதத்தில் இருவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசியில் வழி பிறந்தது மனுவால் அல்ல. ஓர் இளம் பொறியாளர் சுரங்க வரைபடத்தோடு வந்தார். அதில் லெவல்களும் ஷாஃப்டுகளும் இருந்தன, எங்கள் வீடுகள் இல்லை. அப்பாவோடு வேலை செய்த பெரியவர் ஒருவரை அழைத்துவந்தேன். கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். பொதுக் குழாயருகே நின்று, "சார், இதுக்குக் கீழ பழைய வெட்டு ஒண்ணு போவுது. பலகை போட்டு மண்ணு தள்ளி மூடினோம். பலகை எத்தனை நாளைக்கு நிக்கும்?" என்றார். பொறியாளர் வரைபடத்தைத் தரையில் விரித்தார். "தாத்தா, எங்கேயிருந்து எங்கே வரைக்கும்?" பெரியவர் தடியாலேயே கோடு போட்டார். அவர் சொன்ன இடத்தைச் சுற்றி வேலி வந்தது.

கொஞ்ச நாளில் வேலிக் கம்பியை யாரோ பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். அதுவும் எங்கள் ஊர்தான். பிறகு தெருப் பையன்களே முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள், முள்வேலியும் நட்டார்கள். கருவிக்கும் வேலிக்கும் பணம் ஒதுக்க அரசால்தான் முடியும். எங்கே போட வேண்டும் என்பதும், போட்டது இருக்கிறதா என்பதும் தெருவுக்குத்தான் தெரியும்.

சுரங்கம் மூடியபோது வேலையில் இருந்த இளைஞர்களுக்கே இப்போது ஐம்பது தொட்டுவிட்டது. பழைய வெட்டுகளை அறிந்தவர்கள் அவர்களைவிட மூத்தவர்கள். வார்டு வார்டாக அவர்களை உட்காரவைத்து, சொல்வதை மாவட்டப் பேரிடர் திட்டத்தில் ஏற்றுங்கள் என்று இந்த முறை மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்து போட்டவர்களில் பாதிப் பேர் ஷாஃப்டுக்குள் இறங்கியவர்கள்.