சராசரிக்குள் ஒளிந்திருந்த நான்கு செக்கன்

"பிள்ளை, இந்தக் கொம்பியூட்டர் நிண்டு நிண்டு போகுது. ஒருக்காப் பார்."

ஸ்காபரோவில் இருந்து அப்பா தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் மொன்றியலில் வேலையில் இருந்தேன். நிறுவனங்களின் சேர்வர்கள் ஏன் மெதுவாக ஓடுகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் தொழில். அவர்கள் அதற்குக் காசு தருகிறார்கள். அப்பா தருவது புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். ஆகவே அப்பாவின் கணினி என் வரிசையில் கடைசியாக நின்றது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அன்றிரவு இணையம் வழியாக அவருடைய கணினிக்குள் போனேன். பத்து வருடப் பழைய மேசைக் கணினி. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸோடு வரும் பெர்ஃபார்மன்ஸ் மொனிட்டரை ஒரு மணி நேரம் ஓட விட்டேன். ஒரு வாசிப்புக்குச் சராசரியாக 30 மில்லிசெக்கன் என்று காட்டியது.

அந்த எண் நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? அப்பாவின் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் வகை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன். வேண்டிய இடம் வாசிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னர் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கும் சில மில்லிசெக்கன். மொத்தமாக 10 அல்லது 15 வந்தால் இயல்பு. 30 என்பது கொஞ்சம் மெதுதான். ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

"அப்பா, இது பழசு. அதுதான் மெதுவா இருக்கு. மூண்டு கிழமையில வருவன், அப்ப பாப்பம்."

"மெதுவா இல்லைப் பிள்ளை. நல்லா ஓடிக்கொண்டிருக்கும், டக்கெண்டு நிக்கும். உள்ளுக்க டிக் டிக் எண்டு ஒரு சத்தம். பிறகு ஓடும்."

"சரி அப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் திரையில் எண் இருந்தது. அவரிடம் காது மட்டும்தானே இருந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் வாசிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 995 வாசிப்புகள் 10 மில்லிசெக்கனில் முடிகின்றன. மிச்சம் ஐந்தும் ஒவ்வொன்றும் 4 செக்கன் எடுக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டி ஆயிரத்தால் பிரித்தால் சராசரி கிட்டத்தட்ட 30 மில்லிசெக்கன். ஆனால் அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட 30 மில்லிசெக்கன் எடுக்கவில்லை! நான் பார்த்த எண், நடக்காத ஒன்றின் எண்.

மூன்று கிழமை கழித்து வீட்டுக்குப் போனேன். இந்த முறை ஒவ்வொரு வாசிப்பையும் தனித்தனியாகப் பதியும் கருவியை ஓட விட்டேன். "நீங்கள் வழக்கமாச் செய்யிறதைச் செய்யுங்கோ" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அம்மாவோடு கடைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து அந்தப் பதிவைப் படமாக்கினேன். கிடையாக நேரம். செங்குத்தாக ஒவ்வொரு வாசிப்பும் எடுத்த நேரம். ஒரு வாசிப்புக்கு ஒரு புள்ளி. அடியில் அடர்த்தியான ஒரு பட்டை, 10 மில்லிசெக்கன் அளவில். நூற்றுக்கணக்கான புள்ளிகள் அங்கே நெருக்கியடித்து நின்றன. அவற்றுக்கு மிக மேலே, வெறும் வெளியில், சில புள்ளிகள் தனித்து நின்றன. இரண்டு செக்கன். மூன்று செக்கன். நான்கு செக்கன். அப்பா சொன்ன "டக்கெண்டு நிக்கும்" அதுதான்.

டிஸ்கில் ஒரு இடம் பழுதானால் அது உடனே கையை விரிக்காது. அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும். அந்த முயற்சிதான் செக்கன் கணக்கில் நீள்கிறது. பல டிஸ்குகளில் அதுதான் டிக் டிக் என்று கேட்கிறது.

இப்படிப் படம் பிடிப்பது புதிதல்ல. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை செய்த பிரெண்டன் கிரெக் என்ற பொறியியலாளர், அடுக்கி வைத்த டிஸ்குகளுக்கு நேரே வாயை வைத்துக் கத்தினார். அந்த வீடியோ இன்றும் யூடியூபில் இருக்கிறது. அவர் கத்திய நேரத்தில் சில வாசிப்பு எழுத்துகள் தாமதமானது திரையில் அப்படியே தெரிந்தது. வெறும் சத்தத்தின் அதிர்வே டிஸ்கைத் தடுமாற வைத்தது. அவர் பயன்படுத்தியதை வெப்ப வரைபடம் என்பார்கள். புள்ளிகள் மிக அதிகமாகும்போது, எங்கே எத்தனை புள்ளிகள் என்பதை நிறத்தின் அடர்த்தியால் காட்டும்.

என் படத்துக்குத் திரும்புகிறேன். மேலே நின்ற புள்ளிகள் எந்தக் கோப்புகளைச் சேர்ந்தவை என்று பார்த்தேன். எல்லாம் ஒரே அடைவுக்குள் இருந்தன. அதன் பெயர் "அம்மா".

அப்பம்மா கனடாவுக்கு ஒரு தடவைதான் வந்தார். அப்போது அவர் கதைத்ததையெல்லாம் அப்பா மைக் வைத்துப் பதிந்திருக்கிறார். மொத்தம் 41 ஒலிப்பதிவுகள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மின்னஞ்சல் பார்த்து, செய்தி வாசித்து, கடைசியில் அப்பம்மாவின் குரலைக் கேட்பதுதான் அவர் "வழக்கமாச் செய்யிறது". கணினி "நிண்டு நிண்டு" போனது அந்தக் குரலின் நடுவில்தான். அவர் அதைச் சொல்லவில்லை. நானும் எப்போது நிற்கிறது என்று கேட்கவில்லை.

உடனே கணினியை நிறுத்தி டிஸ்கைக் கழற்றினேன். டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் வேறொரு டிஸ்குக்குப் பிரதி எடுத்தேன். அது முதலில் நல்ல இடங்களை வேகமாக எடுத்துக்கொள்ளும். பழுதான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு குறிப்பும் எழுதிவைக்கும். அந்தக் குறிப்பையும் படமாகப் பார்க்கலாம். இரண்டு நாள் அப்பாவும் நானும் அந்தப் படத்தின் முன் இருந்தோம். திரை முழுக்கப் பச்சை. நடுவில் சில சிவப்புச் சதுரங்கள். அவை கடைசி வரை பச்சையாகவே இல்லை.

38 பதிவுகள் முழுதாக வந்தன. மூன்றில் ஓட்டைகள்.

அப்பா அந்த மூன்றையும் போட்டுக் கேட்டார். ஒன்றில், அப்பம்மா தன் கலியாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது குரல் அறுந்து, கொஞ்சத்தால் வேறு கதையில் தொடங்கியது.

"போன மாசம் இது முழுசாக் கேட்டது" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு என் வேலையிலும் ஒரு பழக்கம் மாறியது. யாராவது "சில நேரம் நிற்கிறது" என்று சொன்னால் சராசரியை எடுத்துக்கொண்டு அவரோடு வாதாடுவதில்லை. எப்போது, என்ன செய்யும்போது என்று முதலில் கேட்கிறேன். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய கணினி இருக்கும். விண்டோஸ் என்றால் ரிசோர்ஸ் மொனிட்டரைத் திறந்து டிஸ்க் பகுதிக்குப் போங்கள். எந்தக் கோப்பு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அங்கே தெரியும். எஸ்எஸ்டி இருந்தாலும் பாருங்கள். அதற்குள் சுழல்வது எதுவும் இல்லை, ஆகவே பழுதாகும்போது டிக் டிக் என்றுகூடச் சொல்லாது. ஆனால் அதற்கெல்லாம் முன்னர், முக்கியமானவற்றுக்கு வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள்.

எது முக்கியம் என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். அப்பாவிடமோ அம்மாவிடமோ கேளுங்கள்.