காசிக்குப் போன பஸ்ஸும் கேட்காமல் விட்ட பெயரும்

"காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது" என்று எங்கள் அமுச்சி அடிக்கடி சொல்லும். ஆனால் அதே அமுச்சிதான் பல வருஷமாகச் சீட்டுப் போட்டு, காசிக்குப் போகப் பணம் சேர்த்தது. எல்லாம் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிச் சம்பாதித்த காசு.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் யாரும் இல்லை. அப்பா பவர்டேபிள் டெய்லர். அம்மா செக்கிங். பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆண்டு மலருக்கு எழுது என்று நண்பர்கள் கேட்டபோது கவிதை எழுதலாமா என்று பார்த்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. அதனால் போன டிசம்பர் லீவில் நடந்ததையே எழுதுகிறேன்.

எங்கள் மாமா பஸ் டிரைவர். அவர் ஓட்டும் பஸ்ஸுக்கும் எனக்கும் ஒரே வயசு. முதலில் ரூட் பஸ்ஸாக ஓடி, பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடி, இப்போது யாத்திரை வண்டியாக இருக்கிற பழைய லேலண்ட். பின்னால் மூன்று வரிசை சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்திருந்தார்கள். அதில் அரிசி மூட்டை, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், அண்டா, குண்டா, தண்ணீர் டிரம். கூரையின் மேல் பாய், தலையணை மூட்டைகள். கண்ணாடி ஓரம் எலுமிச்சம்பழம், பிள்ளையார் படம். 34 யாத்ரீகர்கள், இரண்டு சமையல்காரர்கள், இரண்டு டிரைவர்கள், அப்புறம் நான். என் வேலை கிளீனர். செமஸ்டர் பீஸுக்கு ஆகுமே என்றுதான் போனேன். இருந்தாலும் யாராவது கேட்டால் "டெக்னிகல் அசிஸ்டென்ட்" என்றுதான் சொல்லிக்கொண்டேன்! மாமா சிரித்துக்கொண்டே, "அசிஸ்டென்ட் சார், பின்னாடி டயர்ல காத்துப் பாருங்க" என்பார்.

மாமாவிடம் ஒரே ஒரு சட்டம். வண்டிக்குள் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. எவ்வளவு பசித்தாலும், எந்தக் குளிரானாலும் மரத்தடியில் இறக்கி வைத்துத்தான் சமையல். 2023 ஆகஸ்ட் 26-ல் மதுரையில் நின்றிருந்த ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்களே, அவர்களும் யாத்ரீகர்கள்தான். உத்தரப்பிரதேசத்திலிருந்து நம் பக்கம் சாமி கும்பிட வந்தவர்கள். பெட்டிக்குள் கொண்டு வந்த கேஸ் சிலிண்டர்தான் எமனானது. "அவங்க இங்க வந்தாங்க, நாம அங்க போறோம். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் மாமா. அப்போது அந்தப் பேச்சு எனக்கு உறைக்கவில்லை.

பெருமாநல்லூரில் பெரிய ரோட்டில் ஏறி, சேலம், தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, பெங்களூரு, கர்னூல், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் என்று போகிற பாதை. காசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்த பழைய 7-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இதுதான். மொத்தம் 2,369 கிலோமீட்டர். 2010-ல் எண்களை மாற்றியபோது இதன் தென்பகுதி 44-ம் எண் சாலையோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் பழைய டிரைவர்கள் இன்றும் "செவன்" என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த வழியில் நமக்கு முன்னால் போனவர்கள் எத்தனையோ பேர். ஏனுகுல வீராசாமி என்பவர் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே 18-ல் சென்னையிலிருந்து பல்லக்கில் கிளம்பி, ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் வழியாகத்தான் காசிக்குப் போனார். ஊர் திரும்ப அவருக்கு 15 மாதம் ஆனது. அதைத் தெலுங்கில் புத்தகமாகவும் எழுதி வைத்தார். 1957-ல் 'இந்தியாமேன்' என்ற பஸ் லண்டனில் 20 பேரை ஏற்றிக்கொண்டு ஏப்ரல் 15-ல் கிளம்பி ஜூன் 5-ல் கல்கத்தா வந்து சேர்ந்தது. அவர் போனது புண்ணியத்துக்கு. இவர்கள் வந்தது ஊர் பார்க்க. நாங்கள் இரண்டுக்குமாகப் போனோம். பிழைப்புக்காக இதே தூரத்தைக் கடந்து வருகிறவர்களைப் பற்றி மட்டும் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

நாக்பூருக்கு வடக்கே பென்ச் காட்டில் சாலையைத் தூண்கள் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். புலியும் மானும் கீழே கடந்து போவதற்காக! அதில் ஒரு பாலம் மட்டும் 750 மீட்டர் நீளம். அமுச்சி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "மிருகத்துக்குக் கூட வழி உட்டிருக்கறாங்க பாரு" என்றது. ஜபல்பூரில் நர்மதையில் குளித்தோம். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். நம் ஊர் மார்கழியெல்லாம் அதன் கால் தூசிக்குக் காணாது.

ரீவாவைத் தாண்டி உத்தரப்பிரதேச எல்லையை நெருங்கும்போது விடிகாலை. பத்தடிக்கு மேல் தெரியாத பனி. வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது.

எனக்கு உள்ளூர சந்தோஷம். படித்ததைக் காட்ட நேரம் வந்துவிட்டதே! "மாமா, டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்குது. பிளீடிங் ஸ்குரூவை லூஸ் பண்ணி, ஹேண்ட் பிரைமரை அடிச்சு, குமிழி நிக்கற வரைக்கும் விடோணும்" என்று பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். மாமா, "சரிதான் மாப்ளே. ஆனா காத்து எந்த வழியா உள்ள போச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிக்கொண்டே போய், ஃபில்டர் பக்கத்து போல்ட்டில் நின்றார். அதிலிருந்த செம்பு வாஷர் இறுகித் தேய்ந்திருந்தது. புது வாஷர் கையில் இல்லை. சமையல்காரர் அப்போதுதான் மரத்தடியில் அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். மாமா வாஷரைக் கம்பியில் கோத்து, செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். செம்பு மெத்தென்று ஆகிவிட்டது. இது 'அனீலிங்'. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இதை எழுதி நாலு வாங்கியவன் நான். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீ போய்த் தண்ணி புடிச்சுட்டு வா" என்று இரண்டு கேனைக் கொடுத்து அனுப்பினார் மாமா.

கொஞ்ச தூரத்தில் ஒரு தாபா. அதன் பக்கத்தில் அடிபம்பு. இரண்டு அடிதான் அடித்திருப்பேன், கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. ஏற்கெனவே ஆணி உடைந்து, கம்பி சுற்றி வைத்திருந்தார்கள். தாபாக்காரர் ஓடி வந்து கத்த ஆரம்பித்தார். நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒரு கேனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "நான் உடைக்கலைங்க, முன்னாடியே உடைஞ்சிருந்துச்சு" என்று சொல்லத் தமிழ் இருந்தது. இங்கிலீஷில்கூடச் சொல்லியிருப்பேன். அங்கே எதுவும் செல்லாது. கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு திருடன் மாதிரி நின்றேன்.

அப்போதுதான் எனக்கு அவன் ஞாபகம் வந்தது.

போன மே மாத லீவில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போயிருந்தேன். என் பக்கத்தில் பண்டல் தூக்கிப் போடுகிற வேலையில் ஒரு வடநாட்டுப் பையன். என் வயசுதான் இருக்கும். எல்லோரும் அவனை "பையா" என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் நான் 'எல்' சைஸ் பண்டலுக்கு 'எம்' சைஸ் லேபிளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இருநூறு பீஸ் தைத்த பிறகுதான் செக்கிங்கில் கண்டுபிடித்தார்கள். அத்தனையையும் பிரிக்க வேண்டும். சூப்பர்வைசர் "எவன்டா குடுத்தது?" என்று வந்து நின்றார். யாரோ, "அந்த இந்திக்காரன்தான் இருப்பான்" என்றார்கள். அவன் இந்தியில் என்னவோ சொன்னான். யாருக்கும் புரியவில்லை. ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் குனிந்து பீஸ் மடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அரை ஷிப்ட் சம்பளம் பிடித்தார்கள்.

அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். விரலை நீட்டினாலே போதும், அதற்கு மொழி வேண்டியதில்லை. ஏனோ நீட்டவில்லை. மறுநாளும் எப்போதும்போல எல்லோருக்கும் டீ வாங்கி வந்து, எனக்கும் ஒரு டம்ளரை வைத்தான். நான் குடித்தேன்.

நண்பர்களே, இதை இந்த மலரில் எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

தாபா முன்னால் நான் அப்படி நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல். "ஏனுங் தம்பி, திருப்பூருங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர். நாற்பது வயசு இருக்கும். எங்கள் வண்டியின் டி.என். 39 நம்பரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நான் நடந்ததைச் சொன்னதும் தாபாக்காரரிடம் இரண்டு நிமிஷம் பேசினார். கேன் திரும்பி வந்தது. தாபாக்காரரே இன்னொரு குழாயைக் காட்டினார். அவ்வளவுதான் விஷயம். நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு மனுஷன் வேண்டியிருந்தது.

அவர் ஆறு வருஷம் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவராம். நொய்யல் கெட்டதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போய், ஊர் வந்து சேர்ந்தவர். மூடியது ஆற்றுக்கு நியாயம்தான். கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு பட்டறைகள் பிறகு ஓடின. ஆனால் அந்த நேரத்தில் மூட்டை கட்டிய ஆட்கள் எங்கே போனார்கள் என்று நாம் யாரும் கேட்கவில்லை. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "நொய்யல்ல இப்ப தண்ணி நெறம் எப்படிங்?" என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸுக்குக் கூட்டி வந்தேன். அரிசியும் பருப்பும் சாதம் தயாராக இருந்தது. அமுச்சி அவரை உட்கார வைத்து, இலையைப் போட்டு, நெய்யை ஊற்றிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "உம் பேரென்ன கண்ணு?"

அவர் சொன்னார். (அதை அச்சில் போட அவரிடம் கேட்கவில்லை. அதனால் எழுதவில்லை.) எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாதம் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவனிடம் இந்த ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை.

பிறகு பிரயாகை போனோம். ராமேஸ்வரத்திலிருந்து கொண்டு வந்த மண்ணை அமுச்சி திரிவேணியில் கரைத்தது. அங்கிருந்து காசி. நகரத்தார் சத்திரம், கேதார கட்டம், 1898 முதல் 1902 வரை காசியில் இருந்த பாரதியார் வாழ்ந்த அனுமன் கட்டம் எல்லாம் பார்த்தோம். அந்தச் சந்துகளில் தமிழ்க் குரல் கேட்கும்போதெல்லாம் மனசு குளிர்ந்தது. நம் ஆட்கள் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்!

காசியில் பிடித்ததை ஏதாவது விட்டுவிட வேண்டும் என்பார்கள். அமுச்சி கொய்யாப்பழத்தை விட்டது. "நீ எதை உடறே?" என்று கேட்டது. படித்துறையில் உட்கார்ந்து, லேபிள் விஷயத்தை முதல் முறையாக ஒருத்தரிடம் சொன்னேன். திட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கங்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது இங்க கரையாது கண்ணு. அந்தப் பையன்கிட்டத்தான் போய்ச் சொல்லோணும்" என்றது.

ஊர் வந்த மறுநாள் அந்தக் கம்பெனிக்குப் போனேன். லேபிளை மாற்றியது நான்தான் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? அந்த ஷிப்மென்ட் எப்பவோ போயிருச்சுடா" என்று சிரித்தார். அவன் ஜூன் மாதமே போய்விட்டானாம். எந்த ஊர் என்று தெரியாது. கூட்டி வந்த கான்ட்ராக்டரும் மாறிவிட்டார். பெயர் கேட்டேன். "பையாதாண்டா" என்றார்.

எங்கள் லைன் வீட்டில் கடைசி இரண்டு ரூமில் பீகார், ஒடிசாக்காரர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். மூன்று வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். இப்போது ஆறு பேருடைய பெயரும் எனக்குத் தெரியும். ஒருவன் எனக்கு இந்தியில் எண்கள் சொல்லிக் கொடுக்கிறான். நான் அவனுக்குச் சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டுகிறேன். அவனிடமும் விசாரித்துப் பார்த்தேன். பெயர் தெரியாத ஆளை எப்படித் தேடுவது என்று அவன் கேட்டான்.

கிளீனர் சம்பளத்தில் அரை ஷிப்ட் கூலியைத் தனியாக எடுத்து, காலேஜ் ஐடி கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். வருகிற மே மாதம் நம்மில் பாதிப் பேர் கம்பெனிக்குத்தான் போவோம். யாராவது அவனைப் பார்த்தால் சொல்லுங்கள். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும். டீ வாங்கி வந்தால் முதலில் மற்றவர்களுக்குக் கொடுப்பான்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை