சைக்கிளில் கீரிமலைக்கு

யாழ்ப்பாணத்து வீடுகளில் சைக்கிளுக்கு என்றும் ஓர் இடம் உண்டு. 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது நோயாளியையும் நெல் மூடையையும் சுமந்தது சைக்கிள்தான். 2022இல் எரிபொருளுக்காக மக்கள் வரிசையில் நின்றபோது, மூலையில் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. ஆயினும் ஊரைப் பார்ப்பதற்கென்றே சைக்கிள் எடுப்பவர் குறைவு. வைகாசி மாத விடுமுறை நாளொன்றில் நான் அவ்வாறு தனியே புறப்பட்டேன். யாழ். நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாகக் கீரிமலை ஏறத்தாழ 20 கிலோமீற்றர்.

கொக்குவில், கோண்டாவில் தாண்டி இணுவிலை அடைந்தபோது காலை வெயில் இதமாக இருந்தது. செம்மண் தோட்டங்களில் வாழையும் மரவள்ளியும் செழித்து நின்றன. எங்கோ ஒரு நீரிறைக்கும் இயந்திரத்தின் ஓசை கேட்டது. சற்றுத் தூரத்தில் இன்னொன்று. பேருந்தில் பலமுறை சென்ற பாதைதான். ஆனால் இந்த ஓசை அன்றுதான் என் காதில் விழுந்தது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில் அத்தனை பசுமையும் கிணற்று நீரின் கொடை அல்லவா?

மருதனார்மடத்தில் ஒரு தேநீர்க் கடையில் சுடச்சுட இரண்டு உழுந்து வடையும் பிளேன்ரீயும் எடுத்தேன். சுன்னாகம் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் வாசனை வீதிவரை வந்தது. வெடித்த வெள்ளரிப்பழங்களை ஓலையால் சுற்றிக் கட்டி அடுக்கியிருந்தார்கள். இந்தச் சுன்னாகத்தில்தான் 2014, 2015ஆம் ஆண்டுகளில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்துள்ளதென்ற முறைப்பாடு பெரிதாக எழுந்தது. கிணறு உள்ள வீட்டார் பவுசர் தண்ணீருக்காகக் குடத்துடன் காத்திருந்தார்கள்.

சுன்னாகத்திலிருந்து மேற்கே திரும்பிக் கந்தரோடைக்குச் சென்றேன். பனைகள் சூழ்ந்த சிறு வெளியில், முருகைக்கல்லால் ஆன சின்னஞ்சிறு தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. 1917 அளவில் போல் ஈ. பீரிஸ் இவ்விடத்தை ஆராய்ந்து எழுதிய பின்னரே வெளியுலகம் இதனைக் கவனித்தது. அங்கு நான் இருந்த அரை மணி நேரத்தில் வேறு எவரும் வரவில்லை.

மீண்டும் பிரதான வீதிக்கு வந்து தெல்லிப்பழையை நெருங்கியபோது வெயில் ஏறிவிட்டது. வேலியோரம் ஓர் ஆச்சி நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த வெயிலுக்கை சைக்கிளிலையோ வாறியள்? இருந்து குடியுங்கோ" என்றார். மூன்று கண்களையும் பெருவிரலால் தோண்டிக் குடித்தேன். அந்தக் குளிர்ச்சிக்கு எந்தச் சோடாவும் ஈடாகாது.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலை வணங்கிவிட்டுக் கீரிமலையை அடைந்தேன். 1990 முதல் பல்லாண்டுகள் மக்கள் நடமாட முடியாதிருந்த பகுதி இது. கேணியில் இறங்கினேன். சுவருக்கு அப்பால் கடல் அலை மோதுகிறது. இப்பால் நீர் குளிர்ந்து தெளிந்து கிடக்கிறது. கடலின் கரிப்பு அதில் இல்லை.

இந்த வியப்புக்குக் காரணம் காலடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளினூடாக இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உவர்நீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது. மிஞ்சியது கரையோரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலேறும். கழிவெண்ணெயோ மிகையான உரமோ மண்ணில் சேர்ந்தால், மழைநீர் இறங்கிய அதே வெடிப்பு வழியே அதுவும் கிணற்றைச் சென்றடையும். காலையில் இணுவிலில் கேட்ட இயந்திர ஓசையும், சுன்னாகத்தில் நின்ற குடங்களும், நான் நனைந்த ஊற்றும் ஒரே நீரின் கதைகள் என்பது அப்போது விளங்கியது.

மாலையில் சோளகக் காற்று எதிரே வீசியது. மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நகர மறுத்தது. மல்லாகத்தில் இறங்கி ஒரு சுருள் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டே கொஞ்சத் தூரம் உருட்டினேன்.

மாணவர்களே, புவியியற் புத்தகத்தில் "நிலத்தடி நீர்" என்று படிப்பது உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றித்தான். ஒரு விடுமுறை நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரைச் சுற்றி வாருங்கள். எந்தக் கிணற்று நீர் இனிக்கிறது, எது உவர்க்கிறது, எது எப்போது மாறியது என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததை நாம் கேட்டு வைத்திராவிட்டால், நாளைக்கு இழந்தது எது என்பதுகூட நமக்குத் தெரியாது.